இரட்டைக் கோட்டுப் பெட்டி

மார்ச் 3, திங்கள்

ஏப்ரல் இதழுக்குப் படங்கள் வர ஆரம்பித்துவிட்டன. வழக்கம்போல ஒருவர்கூட ஒழுங்காக நிற்கவில்லை. ஒருவர் காருக்குள் உட்கார்ந்து எடுத்திருக்கிறார், சீட் பெல்ட்டோடு. ஒரு பெண்ணின் தோளில் யாருடைய கையோ இருக்கிறது. ஆளை வெட்டியவர்கள் கையை விட்டுவிட்டார்கள். "அந்தக் கையை மட்டும் எடுத்துடுங்க மேடம்" என்று கூடவே ஒரு செய்தி. கையை எடுத்தால் தோளும் போகும் என்று பதில் எழுதினேன்.

ஆறு வருடமாகக் கல்யாணத் தகவல் மையத்தின் மாத இதழுக்குப் பக்கம் கட்டுகிறேன். எனக்கே இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்றால் கேட்பவர்களுக்குச் சிரிப்பு வருகிறது. மிட்டாய்க் கடைக்காரனுக்கு மிட்டாய் தின்னத் தோன்றாது என்று சொல்லி வாயை அடைத்துவிடுவேன்.

மார்ச் 4, செவ்வாய்

முன்னறையில் ஃபோன் எடுப்பவளை நாங்கள் எல்லாரும் ரேடியோ என்றுதான் கூப்பிடுகிறோம். அணைக்கப் பொத்தான் கிடையாது. இன்று என் பின்னால் வந்து நின்றுகொண்டு, "ஒவ்வொரு படத்துக்கும் பார்டர் போடறியே, கை வலிக்காதா?" என்றாள்.

படத்துக்கு யார் பார்டர் போட்டது? கணினியில் பக்கத்தின் மேல் வரைந்து வைத்த ஒரு பெட்டிக்குள், வெளியிலிருந்து வரும் படத்தை இறக்குகிறேன். பார்டர் பெட்டிக்குச் சொந்தம். படம் குடித்தனக்காரர், பெட்டி வீடு. அவர் காலி செய்துவிட்டுப் போனாலும் சுவருக்கு அடித்த பெயின்ட் அப்படியே இருக்கும். இதைச் சொல்வதற்குள் ஃபோன் அடித்து ரேடியோ போய்விட்டாள்.

கவனிக்க வேண்டியது கோடு எந்தப் பக்கம் விழுகிறது என்பதுதான். அப்படியே விட்டால் அதன் கனத்தில் பாதி உள்ளே விழுந்து படத்தைத் தின்னும். போன வருடம் ஒருவருடைய காது நுனி போனது. அவர் கவனிக்கவில்லை, அவருடைய அம்மா கவனித்துவிட்டார்.

மார்ச் 6, வியாழன்

முதலாளியம்மா புது யோசனையோடு வந்தார். வாசகர்கள் முகத்தைப் பார்த்து, பிடித்துப்போய், ஃபோன் செய்து, அப்புறம்தான் மறுமணம் என்று தெரிந்து ரேடியோவிடம் எகிறுகிறார்களாம்.

"கீழ எழுதித்தானேம்மா இருக்கு?" என்றேன்.

"அதை யாரு படிக்கறா? மூஞ்சியைத்தான் பாக்கறாங்க. பாத்ததும் தெரியணும்."

ஆகவே இந்த மாதத்திலிருந்து முதல் மணத்துக்கு ஒற்றைக் கோடு, மறுமணத்துக்கு இரட்டைக் கோடு.

கோட்டு வகைகளைத் திறந்து பார்த்தேன். புள்ளி, அலை, கயிறு முறுக்கியது போல ஒன்று. ஒரே கனத்தில் இரண்டு கோடு போட்டால் தண்டவாளமாகத் தெரிந்தது. வெளிக்கோட்டைத் தடிப்பாகவும் உள்கோட்டை மெல்லியதாகவும் வைத்து, 'இரட்டை' என்று ஒரு ஸ்டைலாகச் சேமித்தேன். இனி ஸ்டைலில் ஒரு மாற்றம் செய்தால் அது போட்ட பெட்டிகள் எல்லாம் சேர்ந்து மாறும். மதியத்துக்குள் எல்லா மறுமணக்காரர்களுக்கும் போட்டு முடித்தேன். வேலை என்று பார்த்தால் நல்ல வேலை. பக்கத்துக்கு ஒரு கம்பீரம் வந்திருக்கிறது.

மார்ச் 9, ஞாயிறு

சாப்பிட உட்கார்ந்ததும் அம்மா தொடங்கினாள். "ஊரு உலகத்துக்கெல்லாம் வரன் பாக்கற ஆபீஸு. நம்ம வீட்டுப் பொண்ணுக்குப் பாக்கக் கூடாதா?"

என்னைச் சொல்லவில்லை, அக்காவை. என் முறை அப்புறம்தானாம்.

அக்கா வீட்டுக்குத் திரும்பி வந்து இரண்டரை வருடம் ஆகிறது. கண் மருத்துவமனையில் பார்வை அளவு எடுக்கிறாள். நாள் முழுக்க, 'இது தெளிவா, அது தெளிவா' என்று கேட்டுவிட்டு வருவதாலோ என்னவோ, வீட்டில் யாரிடமும் எதுவும் கேட்பதில்லை. அவள் கல்யாணத்தை முறித்துக்கொள்வது என்று பேசிய அன்று அத்தானும் அவர் வீட்டாரும் கூடத்தில் இருந்தார்கள், அம்மாவும் இருந்தாள். அக்கா உள்ளே டீ போட்டுக்கொண்டிருந்தாள். டீயை எடுத்துக்கொண்டு வந்தபோது எல்லாம் பேசி முடிந்திருந்தது. எல்லாரும் டீயைக் குடித்துவிட்டுத்தான் போனார்கள். (அத்தான் என்று எழுதிவிட்டேன். கல்யாணம் போன பிறகு அந்த மனிதரை வேறெப்படிக் குறிப்பிடுவது என்று தெரியவில்லை.)

இன்று அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே, "சரி, போடு. படம் நீயே எடு. சிரின்னு மட்டும் சொல்லாத" என்றாள்.

ஜன்னலோரம் நிற்கவைத்து எடுத்தேன். நான் எதுவும் சொல்லாமலே கொஞ்சம் சிரித்தாள்.

இரட்டைக் கோட்டைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. ஏன்?

மார்ச் 10, திங்கள்

அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்: "ரெண்டரை வருஷத்துல இப்பத்தான் சரின்னு ஒரு வார்த்தை வந்திருக்கு. இந்தத் தடவை மனசு ஒடிஞ்சா அப்புறம் அவ எதுக்குமே ஒத்துக்க மாட்டா. பாத்து செய்."

மார்ச் 13, வியாழன்

பதினோராம் பக்கம், மேல் வரிசை, வலது ஓரம். அக்காவை அங்கே இறக்கினேன். ஒற்றைக் கோடு போட்டேன். எடுத்தேன். இரட்டை போட்டேன். திரும்ப ஒற்றை.

ஒற்றை போட்டால் பொய். 'மணமுறிவு பெற்றவர்' என்று கீழே எழுதியிருப்பதால் முழுப் பொய்யும் இல்லை. ஆனால் அவளை மட்டும் விட்டுவிட்டால் ரேடியோ மூன்று வேளையும் ஒலிபரப்புவாள். மற்ற எல்லாருக்கும் போட்ட கை என் வீட்டு ஆளுக்கு மட்டும் நடுங்கினால் என்ன அர்த்தம்?

இரட்டை போட்டுவிட்டேன். விதி என்றால் விதி.

மார்ச் 16, ஞாயிறு

புரூஃபை வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கக் கூடாது. மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் அக்கா பதினோராம் பக்கத்தை விரித்து வைத்திருக்கிறாள்.

"இந்தப் பக்கத்துல எல்லாரும் ஒரு கோட்டுக்குள்ள இருக்காங்க. எனக்கு மட்டும் ஏன் ரெண்டு?"

சொன்னேன்.

"ஓ. பார்சல் மேல ஒட்டுவாங்கல்ல, உடையும் பொருள், பாத்துத் தூக்குன்னு. அது மாதிரியா?"

"இல்லக்கா, படிக்கறவங்க வசதிக்காக—"

"யாரு போட்டது?"

"முதலாளியம்மா போடச் சொன்னாங்க."

"சொன்னது சரி. போட்டது யாரு?"

போட்டது யார் என்று அவளுக்குத் தெரியாதா என்ன.

"எடுத்துடு" என்றாள். கோட்டையா என்று கேட்டேன். "என்னையே எடுத்துடு."

கத்தியிருந்தாலும் தேவலை. பக்கத்தை மடித்து என் கையில் கொடுத்துட்டு உள்ள போயிட்டா. அவ்வளவுதான். ரெண்டு கோடு, அதுக்கு இவ்வளவான்னு ஒரு நிமிஷம் எனக்குக் கோவம்கூட வந்தது. அப்புறம் வேற என்னமோ வந்தது. சொல்லியிருக்கலாம்ல முன்னாடியே? சொல்லியிருக்கலாம். இப்ப அம்மா என்கிட்டயும் பேசல, அவகிட்டயும் பேசல. பாத்திரம் மட்டும் பேசுது.

மார்ச் 17, திங்கள்

பக்கத்தில் காலியிடம் விடக் கூடாது என்பது முதலாளியம்மாவின் சட்டம். நல்ல வேளையாகக் கடைசி நேரத்தில் ஒருவர் பதிந்திருந்தார். லிஃப்ட் மெக்கானிக், நாற்பத்தொரு வயது, முதல் மணம். பதினோராம் பக்கத்தில் அக்காவின் படத்தை நீக்கிவிட்டு அவரை இறக்கினேன். விவரத்தை மாற்றினேன். வெட்டாமல் கொள்ளாமல் பொருந்திவிட்டார். மாலையில் எல்லாப் பக்கங்களும் அச்சகத்துக்குப் போய்விட்டன.

மார்ச் 26, புதன்

அக்கா பேசுகிறாள். சாவி எங்கே, சோப்பு தீர்ந்துவிட்டதா என்கிற அளவுக்கு.

ஏப்ரல் 3, வியாழன்

லிஃப்ட் மெக்கானிக் நேரிலேயே வந்துவிட்டார். எங்கள் கட்டட லிஃப்ட் ஒரு மாதமாக ஓடவில்லை. நாலு மாடி ஏறி, மூச்சு வாங்கிக்கொண்டு, இதழை என் மேசையில் விரித்தார்.

"மேடம், எனக்கு ஒண்ணாவதே இன்னும் ஆகல. அதுக்குள்ள ரெண்டாவதுக்கு அனுப்பிட்டீங்களே."

பதினோராம் பக்கம். மேல் வரிசை, வலது ஓரம். அவரைச் சுற்றி, வெளியே தடிப்பாக ஒன்று, உள்ளே மெல்லியதாக ஒன்று.

ஐயோ. படத்தைத்தானே எடுத்தேன். பெட்டியை விட்டுட்டேனே.

வீடு, குடித்தனக்காரர் என்று ரேடியோவுக்குப் பாடம் எடுத்தவள் நான்.

முடியப்போகிற நேரத்தில் ஓர் இடம் தவறிவிட்டதாம். பெண்ணின் அப்பா இதழைப் பார்த்துவிட்டு, "முதல் சம்சாரம் எங்கே?" என்று கேட்டிருக்கிறார். அதைவிடக் கொடுமை, மெக்கானிக்கின் சொந்த அம்மாவே கதவைச் சாத்திக்கொண்டு, "எங்கிட்டயே மறைச்சிட்டியாடா?" என்று அழுதாராம்.

என்ன நடந்தது என்று திரையில் காட்டினேன். படத்தை எடுத்தேன், பெட்டி கோட்டோடு நின்றது, வேறு படத்தை வைத்தேன். அவருக்கு உடனே பிடிபட்டுவிட்டது.

"ஆள் இறங்கிட்டாரு, பெட்டி அப்படியே நிக்குது, நான் ஏறிட்டேன். எங்க தொழில்ல தெனம் நடக்கறதுதான்." திரையில் அந்தப் பெட்டியைத் தொட்டுக் காட்டி, "எனக்கு முன்னாடி இதுல யாரு இருந்தா?" என்றார்.

பொய் சொல்லியிருக்கலாம். "எங்க அக்கா" என்றேன்.

"ஏன் இறங்கிட்டாங்க?"

"அந்த ரெண்டு கோடு பிடிக்கல."

"எனக்கும் பிடிக்கல. பொய்ங்கறதால பிடிக்கல. அவங்களுக்கு உண்மையா இருந்தும் பிடிக்கலையா?"

இவர் கேலி செய்கிறாரா என்று பார்த்தேன். இல்லை. நிஜமாகவே கேட்டார்.

முதலாளியம்மா வர நேரமாகும் என்றதும் மனிதர் சும்மா உட்காரவில்லை. கீழே போய்க் காவலாளியிடம் சாவி வாங்கி லிஃப்ட்டைக் குடைய ஆரம்பித்துவிட்டார். முதலாளியம்மா லிஃப்ட்டில்தான் மேலே வந்தார். வந்ததும் மெக்கானிக் முன்னாலேயே என்னை வாங்கு வாங்கென்று வாங்கினார். அடுத்த இதழில் வருத்தம் தெரிவிப்பதாக வாக்குக் கொடுத்து அவரை அனுப்பிவைத்தார்.

ஏப்ரல் 4, வெள்ளி

அக்காவிடம் சொன்னேன். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். சிரித்துவிட்டாள். "பாவம், நான் இறங்கின பெட்டில அவரு மாட்டிக்கிட்டாரா?"

அவருக்குக் கோபமே வரவில்லையா, லிஃப்ட்டை எதற்குச் சரி செய்தார், யார் செய்யச் சொன்னது என்று துருவித் துருவிக் கேட்டாள். அம்மா அடுப்பைத் தணித்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 9, புதன்

வருத்த அறிவிப்பை முதலாளியம்மா எழுதிக் கொடுத்தார். 'சென்ற இதழில் அன்பர் ஒருவரின் படத்துக்கு இரட்டைக் கோடு தவறுதலாக இடப்பட்டுவிட்டது. அதனால் அவருக்கு நேர்ந்த அவமதிப்புக்கு மனமார வருந்துகிறோம்.' தனிப் பெட்டியில் அழகாகக் கட்டினேன். பிழை பார்க்க அக்காவின் கண்ணைவிட நல்ல கண் எனக்குத் தெரியாது. எங்களுக்குள் சரியாகிவிட்டது என்கிற தைரியத்தில் அவளிடமே கொடுத்தேன்.

ஒரு முறைதான் படித்தாள்.

"அவருக்குப் போட்டா அவமதிப்பு. மன்னிப்பு கேக்கறீங்க. சரி, கேக்க வேண்டியதுதான். எனக்குப் போட்டது என்ன? பரிசா?"

தாளை என் முன்னால் மேசையில் வைத்தாள்.

"நானாவது இறங்கிட்டேன். உள்ள இருக்காங்களே மத்தவங்க, அவங்ககிட்ட எப்ப கேப்பீங்க?"

"விடும்மா. ஊர் வாயை மூட முடியுமா?" என்றாள் அம்மா.

"ஊர் வாய் இல்லம்மா இது. இவ கை."

கோட்டின் கனத்தை நுணுக்கி நுணுக்கி அளந்து வைத்தவள் நான். அந்த வாக்கியத்தையும் தட்டச்சு செய்து, இடம் விட்டு, பார்டர் போட்டவள் நான். ஒரு தடவைகூட இது உறைக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது. வேறு எப்படியும் எழுதத் தெரியவில்லை.

ஏப்ரல் 10, வியாழன்

மருத்துவமனைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு அக்கா எங்கள் ஆபீசுக்கு வந்துவிட்டாள். எனக்கு முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நேராக முதலாளியம்மாவின் அறைக்குப் போனாள். கதவு திறந்தே இருந்தது. ரேடியோ வாயை மூடிக்கொண்டிருந்ததை இன்றுதான் பார்த்தேன்.

முதலாளியம்மா பொறுமையாகத்தான் பேசினார். "உன் வருத்தம் புரியுதும்மா. ஆனா தெரியாம ஃபோன் பண்ணிட்டு எங்களை இல்ல திட்டறாங்க?"

"கீழ தெளிவா எழுதியிருக்கீங்களேம்மா. அப்பவும் தெரியலன்னா எங்கிட்ட அனுப்புங்க. கண்ணு பாத்து விடறேன்."

முதலாளியம்மா சிரித்துவிட்டார். சிரித்த பிறகு பழையபடி கறாராக இருக்க அவரால் முடியவில்லை. அறிவிப்பை எடுத்து இன்னொரு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சரி. எல்லாருக்கும் எடுத்துடறேன். ஆனா ஒண்ணு. உன் படம் வரணும். ஊருக்கெல்லாம் நியாயம் பேசிட்டு நீ மட்டும் ஓரமா நின்னா எனக்குப் பிடிக்காது."

அக்கா இதை எதிர்பார்க்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள். நான் என்ன சொல்ல? போடு என்றும் சொல்ல முடியாது, வேண்டாம் என்றும் சொல்ல முடியாது. ஒரு தடவை அவளைக் கேட்காமல் செய்துதான் இவ்வளவும்.

"போடுங்க" என்றாள்.

அவள் போன பிறகு முதலாளியம்மா என்னிடம், "உங்க வீட்ல இவ்வளவு பேசற ஆளு இருக்கா? நீ வாயில்லாப் பூச்சியா இருக்கியே" என்றார்.

ஏப்ரல் 11, வெள்ளி

'இரட்டை' ஸ்டைலைத் திறந்து, கோட்டு வகையை ஒற்றை என்று மாற்றினேன். அவ்வளவுதான். எல்லாப் பக்கத்திலும் ஒரே நேரத்தில் மாறிவிட்டது. யார் யாருக்கு இரட்டை இருந்தது என்று நானே இப்போது கீழே படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அறிவிப்பையும் மாற்றினோம். 'சென்ற இதழில் சிலருடைய படங்களுக்கு இரட்டைக் கோடு இட்டிருந்தோம். அது தேவையற்றது. அவர்கள் அனைவரிடமும் வருந்துகிறோம்.' மெக்கானிக்கை ஃபோனில் கூப்பிட்டு, உங்களுக்கென்று தனியாக மன்னிப்பு வராது, பொதுவாகத்தான் வரும் என்று சொன்னேன். வாசிக்கச் சொல்லிக் கேட்டார். "இது நல்லா இருக்கு" என்றார். தவறிப்போன இடம் தவறியதுதானாம். "ஒரு கோட்டுக்கே ஓடறவங்க, நாளைக்குக் குழந்தை அழுதா எங்க ஓடுவாங்களோ" என்றார். அவருடைய படம் மே இதழிலும் வரட்டும் என்று முதலாளியம்மா சொல்லியிருக்கிறார்.

மே 2, வெள்ளி

இதழ் வந்துவிட்டது. காலையிலிருந்து வசவு. சொல்லாமல் ஏமாற்றுகிறோமாம். "கீழ படிங்க சார். கீழ. இன்னும் கீழ" என்று ரேடியோ ஒவ்வொருவருக்கும் பாடிக்கொண்டிருக்கிறாள். தேவைக்குமேல் ரசிக்கிறாள் என்று தோன்றுகிறது. முதலாளியம்மா இரண்டு முறை என் மேசை வரைக்கும் வந்து, திரும்பிப் போனார்.

மே 8, வியாழன்

அக்காவைக் கேட்டு மூன்று பேர் வந்திருக்கிறார்கள். அம்மா மூன்று பேரின் விவரத்தையும் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்து, இதை எடு, அதை விடு என்று ஆரம்பித்தாள். அக்கா எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் ஒன்றோடு வந்தாள். காப்பீட்டு நிறுவனத்தில் அதிகாரி. முதல் மணம். முதல் மணக்காரர் ஒருவர் தானாகத் தேடி வந்ததில் அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சந்திப்பு, மருத்துவமனைக்கு எதிரே இருக்கும் பேக்கரியில். நானும் வருகிறேன் என்றாள் அம்மா. "பாக்கப்போறது நான்மா" என்றாள் அக்கா.

மே 11, ஞாயிறு

நான்கு மணிக்குப் போனவள் ஐந்தரைக்கெல்லாம் வந்துவிட்டாள். அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"என்ன சொன்னாரு?"

"நல்லாத்தான் பேசினாரு. எனக்கு நடந்ததை எல்லாம் பெருந்தன்மையா ஏத்துக்கறாராம். மூணு தடவை சொன்னாரு, பெருந்தன்மை, பெருந்தன்மைன்னு."

"நல்லதுதானே?"

"அதை நீங்களே வச்சுக்கங்கன்னு சொல்லிட்டேன்மா. வேண்டாம்னுட்டேன்."

அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். இப்படிப்பட்ட இடம் இனி தேடினாலும் கிடைக்காது, கிடைத்த ஒன்றையும் உதைத்துத் தள்ளிவிட்டு வந்து நிற்கிறாள் என்று ஒரு பாட்டம் அழுதாள். அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, பொறுமையாகக் கேட்டாள். ஆனால் அவள் முகத்தில் துக்கம் இல்லை. எங்கேயோ ஜெயித்துவிட்டு வந்தவள் மாதிரி இருந்தாள். பேக்கரியிலிருந்து கேக் வேறு வாங்கி வந்திருந்தாள். அழுதுகொண்டே அம்மாவும் ஒரு துண்டு சாப்பிட்டாள்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஏன் என்று அம்மாவுக்கு விளக்க முடியாது.

நான் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது அக்கா வந்து பக்கத்தில் நின்றாள். "அடுத்த மாசமும் என் படத்தைப் போடு" என்றாள்.

போடுகிறேன் என்றேன்.

துணியை எடுத்துத் தட்டைத் துடைத்தாள். துடைத்த தட்டையே மறுபடி துடைத்தாள்.

"அந்த லிஃப்ட்காரர் படமும் வருதா?"

"வருது."

"எந்தப் பக்கம்?"